வீழ்ந்த மன்னர்களை ஆங்கிலக் கவிஞர்கள் யாருக்குக் காட்டினார்கள்?

கேள்வி இதுதான்: "கல்லூரியில் ஷெல்லியின் 'ஒசிமாண்டியாஸ்' படித்தேன். பெரிய ராஜா, பெரிய சிலை, கடைசியில் வெறும் மணல். எப்பேர்ப்பட்ட ஆளும் ஒருநாள் மண்ணாகப் போவான் என்பதைத் தாண்டி அதில் என்ன இருக்கிறது? வீழ்ந்த அரசர்களைப் பாடுவது ஆங்கிலத்தில் ஒரு நீண்ட மரபு என்கிறார்களே, அந்த மரபு முழுக்க இதே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறதா?"

அப்படிச் சொல்லவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றும், அவ்வளவுதான். பல வருஷமாக இந்தக் கவிதைகளை வகுப்பில் நடத்திவருகிறேன். மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: இந்த வீழ்ச்சிக் கதை யார் காதில் விழவேண்டும் என்று எழுதப்பட்டது? செத்துப்போன ராஜாவுக்குப் புத்தி சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிற யாரையோ பார்த்துத்தான் கவிஞர் பேசுகிறார். அந்த ஆள் யார் என்பது நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஷெல்லியைப் புரிந்துகொள்ள, அவருக்குச் சுமார் 400 வருஷம் முன்னாலிருந்து தொடங்கவேண்டும்.

மூலம் இத்தாலியில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் போக்காச்சியோ என்ற எழுத்தாளர் லத்தீன் உரைநடையில் ஒரு பெரிய நூல் எழுதினார். ஆதாம் தொடங்கித் தன் காலம் வரை, உச்சியிலிருந்து விழுந்தவர்களை வரிசையாக நிறுத்தினார். அந்த வகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அதே நூற்றாண்டுக் கவிஞர் சாசர். அவருடைய 'கேன்டர்பரி கதைகள்' தொகுப்பில் குதிரையேறி யாத்திரை போகும் கூட்டத்தில் ஒரு துறவி இருக்கிறார். "இந்த மாதிரிக் கதை என் அறையில் நூறு கிடக்கிறது" என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார். லூசிஃபர், ஆதாம், சிம்சோன், நேபுகாத்நேச்சார், பல்மைரா ராணி செனோபியா, நீரோ, அலெக்சாந்தர், ஜூலியஸ் சீசர் என்று மொத்தம் 17 பேர். ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே காரணம்: அதிர்ஷ்ட தேவதை தன் சக்கரத்தைச் சுற்றினாள், மேலே இருந்தவன் கீழே வந்தான். நம் ஊரில் சகடக்கால் என்று சொல்வோமே, அதே படிமம்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீரோவும் அதே சக்கரத்தில் விழுகிறான், ஹெர்குலிஸும் அதே சக்கரத்தில் விழுகிறான். கொடுங்கோலனுக்கும் வீரனுக்கும் ஒரே முடிவு என்றால், கேட்கிறவன் என்ன பாடம் எடுத்துக்கொள்வது? சாசருக்கு இது தெரியும். அதனால்தான் கூட்டத்திலிருக்கும் குதிரைவீரர் நடுவிலேயே குறுக்கிட்டு, "போதும் ஐயா, ஏழையாக இருந்தவன் மேலே வந்த கதை ஏதாவது சொல்லுங்கள்" என்கிறார். விடுதிக்காரர் இன்னும் நேராகவே சொல்லிவிடுகிறார்: உங்கள் குதிரைக் கடிவாளத்தில் தொங்குகிற மணிகள் மட்டும் குலுங்காமல் இருந்திருந்தால் நான் எப்போதோ தூங்கிக் கீழே விழுந்திருப்பேன். வீழ்ச்சிகளைப் பட்டியல் போட்டால் அது யாரையும் தைக்காது என்பதை, இந்த மரபின் தொடக்கத்திலேயே சாசர் காட்டிவிட்டார்.

ஆனால் அந்தப் பட்டியலிலேயே இரண்டு இடங்களில் சக்கரம் மறந்துபோய் மனிதன் தெரிகிறான். ஒன்று, பீசா நகரத்து உகோலினோ. இத்தாலியக் கவிஞர் தாந்தேயிடமிருந்து எடுத்த கதை. கோபுரத்தில் அடைத்து அவரையும் பிள்ளைகளையும் பட்டினி போடுகிறார்கள். சாசர் பிள்ளைகளின் வயதைக் குறைத்துவிடுகிறார். மூத்தவனுக்கே ஐந்து வயது ஆகவில்லை. மூன்று வயதுக் கடைக்குட்டி கேட்கிறான்: "அப்பா, ஏன் அழுகிறீர்கள்? காவல்காரர் கஞ்சி எப்போது கொண்டுவருவார்? ஒரு துண்டு ரொட்டிகூட வைத்திருக்கவில்லையா?" பிறகு அப்பா மடியிலேயே உயிரை விடுகிறான். அந்த இடத்தை வகுப்பில் வாசிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் குரல் தடுமாறும். இன்னொருவர் மிலானை ஆண்ட பெர்னாபோ விஸ்கோன்டி. 1378-ல் சாசர் தூதராக மிலானுக்குப் போனது இவரிடம்தான். 1385-ல் அண்ணன் மகனே அவரைச் சிறைபிடித்தான். அந்த ஆண்டின் கடைசியில் சிறையிலேயே இறந்தார். அவருக்கு சாசர் ஒதுக்கியது ஒரே ஒரு பாட்டு, எட்டு வரி. அதன் கடைசி வரி: ஏன் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்று எனக்குத் தெரியாது. அதிர்ஷ்ட தேவதை, சக்கரம் என்ற பேச்சே அதில் இல்லை. வேலை நிமித்தமாகத் தான் போய்ப் பார்த்த ஆட்சியாளர் செத்த செய்தி வந்திருக்கிறது, அதற்குமேல் எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்து வருபவர் லிட்கேட். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊர் மடத்துத் துறவி. இன்று அவரை முழுக்கப் படிப்பவர்கள் குறைவு. 36,000 வரிக்கு மேல் ஓடும் 'இளவரசர்களின் வீழ்ச்சி'யை முழுதாகப் படியுங்கள் என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நூல் எழுதப்பட்ட கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும். 1431 வாக்கில் அதை எழுதச் சொன்னவர் குளோஸ்டர் கோமகன் ஹம்ஃப்ரி. ஐந்தாம் ஹென்றியின் தம்பி. குழந்தை அரசர் ஆறாம் ஹென்றிக்குப் பதிலாக நாட்டைப் பார்த்துக்கொண்டவர். ஆக்ஸ்ஃபோர்டுக்கு நூற்றுக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளைக் கொடுத்தவர். அங்கே ஒரு நூலகப் பகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் லிட்கேட்டிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்கினார்: ஒவ்வொரு வீழ்ச்சிக் கதையின் முடிவிலும், இளவரசர்களே, இதிலிருந்து தப்பிக்க வழி இது என்று ஒரு முடிப்புப் பாடல் வேண்டும். அதாவது, அதிகாரத்தில் இருக்கிற ஒருவரே எனக்கு எச்சரிக்கை எழுதிக் கொடு என்று கேட்கிறார். லிட்கேட்டும் ஏழெட்டு வருஷம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

நூல் முடிந்து சில வருஷத்தில், 1441-ல், ஹம்ஃப்ரியின் மனைவி எலினார் கோபம் மீது, அரசரின் ஆயுளைத் தெரிந்துகொள்ள மந்திரவாதம் செய்தாள் என்று குற்றம் சாட்டினார்கள். கையில் மெழுகுவர்த்தியோடு லண்டன் தெருக்களில் மூன்று நாள் நடக்கவைத்து, பிறகு ஆயுளுக்கும் காவலில் வைத்தார்கள். 1447 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தை லண்டனில் கூட்டாமல் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் கூட்டினார்கள். அங்கே வந்து இறங்கியதும் ஹம்ஃப்ரியைக் கைது செய்தார்கள். சில நாளில் காவலிலேயே இறந்துபோனார். கொலைதான் என்று ஊர் பேசியது. அது லிட்கேட்டின் ஊர். வீழாமல் இருக்கும் வழியை 36,000 வரியில் கேட்டு வாங்கிய மனிதர், அதை எழுதிக் கொடுத்த துறவியின் மடம் இருந்த அதே ஊரில் வீழ்ந்தார். வயதான லிட்கேட் அந்த வாரத்தில் என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இந்த நூலுக்குத் தொடர்ச்சியாகத்தான், நூறு வருஷம் கழித்து, வில்லியம் பால்ட்வின் சில நண்பர்களோடு சேர்ந்து 'அதிகாரிகளுக்கு ஒரு கண்ணாடி' என்ற நூலை உருவாக்கினார். இதில் ஒரு பெரிய மாற்றம். போக்காச்சியோவும் துறவிகளும் வீழ்ந்தவனைப் பற்றிப் பேசினார்கள்; இங்கே வீழ்ந்தவனே ஆவியாக எழுந்துவந்து, "பால்ட்வின், என் கதையையும் எழுதிக்கொள்" என்று பேசுகிறான். ஏறக்குறைய எல்லாரும் இங்கிலாந்து ஆட்கள், அதுவும் ஓரளவு சமீப காலத்தவர்கள். அவர்களில் சிலருடைய வம்சத்தார் அப்போது பதவியில் இருந்தார்கள். முதலில் வருபவர் அரசர்கூட இல்லை. ராபர்ட் ட்ரெசிலியன் என்ற தலைமை நீதிபதி. 1388-ல் தூக்கிலிடப்பட்டவர். அரசர் மனம் எப்படியோ அப்படிச் சட்டத்துக்கு அர்த்தம் சொன்னது அவர் குற்றம் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். சக்கரத்தின் மேல் பழி போடுவது இங்கே நின்றுபோகிறது. நீ செய்தாய், நீ விழுந்தாய். படிக்கிற இன்னொரு நீதிபதிக்கு முதுகு சில்லிடும் அல்லவா? சில்லிட்டது. மேரி அரசியின் காலத்தில் முதலில் அச்சுக்குப் போனபோதே நூலைத் தடுத்துவிட்டார்கள். எலிசபெத் வந்தபின் 1559-ல்தான் வெளிவர முடிந்தது.

1563-இல் சேர்த்த பகுதிகளில் காலிங்போர்ன் என்ற ஒருவரின் ஆவி வருகிறது. "பூனையும் எலியும் லவல் என்ற நாயும் ஒரு பன்றிக்குக் கீழே இங்கிலாந்தை ஆள்கின்றன" என்று இரண்டு வரி எழுதியவர். பூனை கேட்ஸ்பி, எலி ராட்கிளிஃப், பன்றி என்பது மூன்றாம் ரிச்சர்டின் கொடியிலிருந்த காட்டுப்பன்றி. 1484-ல் அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள். மன்னர்களின் வீழ்ச்சியைப் பாட வந்த நூலில், மன்னனைப் பற்றிப் பாடியதற்காக உயிர்போன ஒரு மனிதருக்கும் இடம் கொடுத்தார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு பால்ட்வின் கூட்டத்தின் மேல் தனி மரியாதை வருகிறது. தங்களுக்கும் அது நடக்கலாம் என்று தெரிந்தே எழுதியவர்கள். கவிதையாகப் பார்த்தால் அந்த நூலில் தாமஸ் சாக்வில் எழுதிய பகுதிகளைத் தவிர மற்றவை நிறைய இடங்களில் கரடுமுரடுதான்.

அப்புறம் ஷேக்ஸ்பியர். அவருடைய 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில், படைகள் கைவிட்டுப் போன செய்தி ஒன்றன்பின் ஒன்றாக வந்ததும் ரிச்சர்ட் சொல்கிறான்: "தரையில் உட்கார்ந்து ராஜாக்கள் செத்த சோகக் கதைகளைச் சொல்லுவோம். சிலரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள், சிலர் போரில் செத்தார்கள், சிலருக்கு மனைவியே விஷம் வைத்தாள், சிலர் தூங்கும்போது கொல்லப்பட்டார்கள்." கவனித்துப் பாருங்கள், இது அப்படியே லிட்கேட்டின் உள்ளடக்கப் பட்டியல். இந்த நூல்களையெல்லாம் படித்த ராஜா ஒருவன், தானும் அந்தப் பட்டியலில் ஒரு அத்தியாயம் ஆகிவிட்டதை அந்த நிமிடத்தில் உணர்கிறான். தலையிலிருக்கும் கிரீடத்தின் வெற்று வளையத்துக்குள் மரணம் கோமாளி வேஷத்தில் உட்கார்ந்து தர்பார் நடத்துகிறதாம். ராஜா கொஞ்ச நேரம் மிரட்டி உருட்டி ஆடட்டும் என்று விட்டுவைக்குமாம். கடைசியில் ஒரு சின்ன ஊசியை எடுத்துக் கோட்டைச் சுவரில் ஒரு துளை போடும். ராஜாவே, போய் வா! இவ்வளவும் சொல்லிவிட்டு, சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, "நானும் உங்களைப் போல ரொட்டி தின்றுதான் வாழ்கிறேன், எனக்கும் இல்லாமை தெரியும், துக்கம் தெரியும், நண்பர்கள் வேண்டும். பிறகு என்னை எப்படி ராஜா என்கிறீர்கள்?" என்று கேட்கிறான். கிரீடம் கைநழுவத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு மற்ற மனிதர்கள் கண்ணில் படுகிறார்கள்.

பதவி துறக்கும் காட்சியில் ஒரு கண்ணாடி கொண்டுவரச் சொல்கிறான். பார்க்கிறான். இவ்வளவு துயரம் அடித்தும் முகத்தில் ஆழமான சுருக்கம் விழவில்லையே என்று அவனுக்கு ஆத்திரம். கண்ணாடியைத் தரையில் அடித்து உடைக்கிறான். பால்ட்வின் அதிகாரிகளுக்கு நீட்டிய கண்ணாடி இங்கே நிஜமாகவே மேடையில் சுக்குநூறாகிறது. 1597-இல் வந்த முதல் அச்சுப் பதிப்பில் இந்தக் காட்சி இல்லை. எலிசபெத் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1608 பதிப்பில்தான் அச்சில் வந்தது. இடையில் 1601 பிப்ரவரி 7-ஆம் தேதி, எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் நடிகர்களுக்கு 40 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்து, ரிச்சர்டின் வீழ்ச்சியைப் பற்றிய நாடகத்தை குளோப் அரங்கில் போடவைத்தார்கள். அது ஷேக்ஸ்பியருடையதுதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மறுநாள் எசெக்ஸ் லண்டன் தெருவில் கலகக் கொடி தூக்கினார். ஊர் மக்கள் அவரோடு சேரவில்லை. அதே மாதம் 25-ஆம் தேதி அவர் தலை போயிற்று. ராஜாவுக்குச் சொன்ன எச்சரிக்கையைக் கலகக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த வழிகாட்டியாக எடுத்துக்கொண்டார்கள். இந்த வகைக் கவிதைக்கு இப்படியும் ஒரு ஆபத்து உண்டு.

1649-ல் முதலாம் சார்லஸ் அரசரின் தலையை வெட்டியதைப் பற்றி மார்வெல் எழுதியதும், செங்கோலும் கிரீடமும் மண்ணில் உருண்டு ஏழையின் அரிவாளோடும் மண்வெட்டியோடும் சமமாகும் என்று ஷெர்லி பாடியதும் அழகானவை. அவற்றைத் தாண்டி நேராக ஜான்சனிடம் போகிறேன். இந்த மரபிலேயே நான் மிகவும் மதிப்பது சாமுவேல் ஜான்சன் 1749 ஜனவரியில் வெளியிட்ட 'மனித ஆசைகளின் வீண்மை'. ரோமானியக் கவிஞர் ஜூவெனலின் பத்தாவது அங்கதத்தைப் பின்பற்றி எழுதியது. 368 வரி; சன்மானம் 15 கினி.

ஜூவெனல், செஜானஸ் என்ற அமைச்சர் வீழ்ந்த அன்று அவருடைய வெண்கலச் சிலையை உருக்கிச் சட்டியும் பானையும் செய்ததாக எழுதினார். ஜான்சன் அந்தக் காட்சியைத் தன் காலத்து வீட்டுக்குள் கொண்டுவருகிறார். செல்வாக்கான அமைச்சர் ஒருவர் விழுகிறார். நேற்றுவரை ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் காவல் தெய்வம் மாதிரி மாட்டிவைத்திருந்த அவர் படத்தை மறுநாள் கழற்றுகிறார்கள். சில படங்கள் சமையலறைக்குப் போய்ப் புகை பிடிக்கின்றன, சில ஏலத்துக்குப் போகின்றன. தங்கச் சட்டத்தை மட்டும் விடுவார்களா? அதில் வேறொரு முகத்தை மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்சி மாறிய மறுநாள் எந்த அலுவலகச் சுவரிலும் பார்க்கலாம், அந்தத் தங்கச் சட்டத்தை. அடுத்து எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்சி வருகிறார். அரசர் முகம் ஒருநாள் சுளிக்கிறது. பின்னால் நிற்கும் பரிவாரம் அந்தப் பார்வையைக் கவனிக்கிறது. இவரை இனி வெறுக்கலாம் என்ற சமிக்ஞைக்காகக் காத்திருக்கிறது. வீழ்ச்சியைப் பற்றிப் பேசும் நூறு கவிதைகளில் விழுந்தவனைப் பார்க்கலாம். விழுந்தவனைச் சுற்றி நிற்பவர்களின் கண்ணை இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர் ஜான்சன்.

பிறகு ஸ்வீடன் நாட்டு பன்னிரண்டாம் சார்லஸ். 15 வயதில் முடிசூடியவன். 1700-ல் நார்வாவில் ரஷ்யர்களைச் சிதறடித்தான். 1709-ல் பொல்தாவாவில் அதே ரஷ்யர்களிடம் எல்லாவற்றையும் இழந்து துருக்கியர் மண்ணுக்கு ஓடினான். 1718-ல் நார்வேயில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டபோது தலையில் குண்டு பாய்ந்து செத்தான், வயது 36. சுட்டது எதிரியா, சொந்தப் படையாளா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. ஜான்சனின் வரிகள் ஏறக்குறைய இப்படி வரும்: அவன் விழுவதற்கென்று விதித்தது ஒரு வறண்ட கரை, ஒரு அற்பக் கோட்டை, யாருடையதென்று தெரியாத ஒரு கை. உலகமே கேட்டு வெளிறிப்போன அந்தப் பெயரை விட்டுவிட்டுப் போனான். ஒரு நீதியைச் சுட்டிக்காட்டுவதற்கு, அல்லது ஒரு கதைக்கு அலங்காரம் சேர்ப்பதற்கு.

அந்தக் கடைசி அடியில் ஜான்சன் இந்த மரபு முழுவதையும் அடக்கிவிடுகிறார். கண்டத்தையே நடுங்கவைத்தவன் கடைசியில் என்ன ஆனான் என்றால், நம்மைப் போன்றவர்கள் பாடம் நடத்தும்போது சொல்கிற ஒரு உதாரணம் ஆனான். இதைச் சொல்கிறவர் சார்லஸை இளக்காரமாகப் பார்த்தவர் அல்லர். சாக்ரடீஸும் சார்லஸும் ஒரே இடத்தில் நின்று, ஒருவர் "வந்து தத்துவம் கேள்" என்றும், மற்றவர் "வா, ஜார் மன்னனைக் கவிழ்ப்போம்" என்றும் அழைத்தால், சாக்ரடீஸ் பின்னால் போக மனிதனுக்கு வெட்கமாக இருக்கும் என்று பிற்காலத்தில் ஜான்சன் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல்லிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கவர்ச்சி தன்னையும் இழுக்கிறது என்று தெரிந்தவர் எழுதிய எச்சரிக்கை அது. ராஜாவை, அமைச்சரை, அழகியை, படிப்பாளியை எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். படிப்பாளியின் பகுதியை ஒருமுறை வாய்விட்டு வாசித்தபோது தானே கண்ணீர் விட்டு அழுதார் என்று அவருடைய தோழி த்ரேல் அம்மையார் எழுதிவைத்திருக்கிறார். ஆக, இங்கே கவிதை பார்த்துப் பேசுவது எதற்காவது ஆசைப்படுகிற யாராக இருந்தாலும் அவரை. எழுதியவரும் அதில் அடக்கம்.

பைரன் வேறு மாதிரி. 1814 ஏப்ரலில் நெப்போலியன் பதவி விலகிய செய்தி வந்த கையோடு ஒரு பாட்டை எழுதினார்: நேற்றுத்தான் ராஜா, இன்று பெயரில்லாத ஒரு பொருள், இவ்வளவு தாழ்ந்தும் உயிரோடு இருக்கிறாயே! அந்தக் கோபம் ஒரு பக்தனின் கோபம். சண்டையிட்டுச் சாகாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தானே என்ற ஆத்திரம். அடுத்த வருஷமே நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் பாரிஸில் உட்கார்ந்துவிட்டார். வீழ்ச்சிப் பாட்டை அவசரப்பட்டுப் பாடினால் இப்படித்தான் ஆகும்.

சரி, உங்கள் ஒசிமாண்டியாஸ். 1817 கடைசியில் ஷெல்லியும் அவருடைய நண்பர் ஹொரேஸ் ஸ்மித்தும் ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கவிதை எழுதுவதென்று போட்டி வைத்துக்கொண்டார்கள். ஒசிமாண்டியாஸ் என்பது எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ் மன்னனுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர். அவன் சிலையின் கீழ் இருந்ததாக தியோதோரஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் ஒரு வாசகத்தைச் சொல்கிறார்: நான் அரசர்க்கரசன், நான் எவ்வளவு பெரியவன் என்று தெரியவேண்டுமானால் என் செயல்களில் ஒன்றையாவது மிஞ்சிப் பார். ஷெல்லி எகிப்துக்குப் போனதில்லை. எகிப்தின் பழைய நகரமான தீப்ஸிலிருந்து பெல்சோனி என்ற இத்தாலியர் பெயர்த்தெடுத்து அனுப்பிய ராம்சேஸ் சிலையின் மேற்பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வருமுன்பே கவிதை அச்சாகிவிட்டது. இன்று அந்தச் சிலையின் படத்தை எடுத்துப் பாருங்கள். அமைதியான முகம், லேசான புன்னகை. கவிதையில் வருகிற சுளித்த புருவமும், மடிந்த உதடும், ஏளனமும் அதில் இல்லவே இல்லை. அந்த முகம் ஷெல்லி செய்த முகம்.

ஏன் அப்படிச் செய்தார்? கவிதை வெளிவந்தது 1818 ஜனவரி 11-இல், 'எக்ஸாமினர்' என்ற வாரப் பத்திரிகையில், புனைபெயரில். அதன் ஆசிரியர் லீ ஹன்ட், ஆட்சிப் பொறுப்பில் இருந்த இளவரசரைப் பழித்து எழுதினார் என்று இரண்டு வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். 1817-ல்தான் விசாரணையின்றி ஆட்களைச் சிறையில் வைக்க வழி செய்யும் வகையில் ஆட்கொணர்வுச் சட்டத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். அந்தப் பத்திரிகையைப் பிரித்துப் படித்த லண்டன்காரருக்கு அந்த ஏளன உதடு எகிப்தை மட்டும் ஞாபகப்படுத்தியிருக்காது.

அடுத்தது, நீங்கள் கேட்ட "மண்ணாகப் போவான்" என்பதைத் தாண்டிய விஷயம். அந்தக் கவிதையில் எல்லாம் அழியவில்லை. மூன்று விஷயங்கள் மிஞ்சுகின்றன: அந்த முகபாவம், அதைச் செதுக்கிய கையின் திறமை, ராஜாவின் வாசகம். முகபாவம் மிஞ்சியதற்குக் காரணம் சிற்பி அதைச் சரியாகப் படித்தான் என்பது. சிற்பியின் கையைச் சொல்லும் இடத்தில் ஷெல்லி போட்டிருக்கும் வினைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு அர்த்தம்: ஒன்றைப் பார்த்து அப்படியே செய்வது, கேலி செய்வது. பல வருஷம் இதற்குத் தமிழ் தேடினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்வார்களே, "சார், இவன் பழிப்புக் காட்டுறான்" என்று, அதுதான். பழிப்புக் காட்டுதல் என்றால் முகத்தை அப்படியே செய்துகாட்டுவதும் ஆயிற்று, கேலியும் ஆயிற்று. சம்பளம் வாங்கிக்கொண்டு, ராஜா சொன்னபடியே ராஜாவின் முகத்தைச் செதுக்கி, அதே முகத்தில் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டான் அந்தச் சிற்பி. ராஜா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பான்.

அப்புறம் அந்த வாசகம்: "வல்லமை உள்ளவர்களே, என் செயல்களைப் பார்த்து நம்பிக்கை இழந்துபோங்கள்!" ராஜா இதைச் சொன்னது மற்ற ராஜாக்களைப் பார்த்து. என்னோடு உங்களால் போட்டி போட முடியாது என்ற அர்த்தத்தில். ஒரு எழுத்துகூட மாறாமல் அதே வாசகம் இன்றும் மற்ற ராஜாக்களைப் பார்த்துத்தான் பேசுகிறது, நேர்மாறான அர்த்தத்தில். லிட்கேட் ஆயிரக்கணக்கான வரிகளில் இளவரசர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னதை, ஷெல்லி அந்த ராஜாவின் வாயாலேயே ஒரே வரியில் சொல்லவைத்துவிட்டார். தான் ஒரு வார்த்தை அறிவுரை சேர்க்கவில்லை.

ஸ்மித்தின் கவிதையையும் தேடிப் படியுங்கள். மொழி அவ்வளவு கூர்மை இல்லை, ஆனால் கடைசி ஆறு வரியில் ஒரு காரியம் செய்கிறார். ஒரு காலத்தில் லண்டன் இருந்த காட்டில் ஒரு வேட்டைக்காரன் ஓநாயைத் துரத்திக்கொண்டு வருகிறான். பெரிய கல் துண்டு ஒன்று வழியில் கிடக்கிறது. நின்று பார்க்கிறான். இங்கே வாழ்ந்தவர்கள் யாராக இருக்கும் என்று யோசிக்கிறான். ஷெல்லி பெயர் சொல்லாமல் விட்டதை ஸ்மித் நேராகச் சொல்லிவிட்டார்.

எண்பது வருஷம் கழித்து கிப்ளிங் அதே எச்சரிக்கையைப் பேரரசுக்கே சொன்னார். 1897 ஜூன் 22-இல் விக்டோரியாவின் வைரவிழா. ஸ்பிட்ஹெட் துறையில் 160-க்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் அணிவகுத்தன. எல்லாம் முடிந்தபின் ஜூலை 17-இல் 'டைம்ஸ்' இதழில் அவருடைய 'ரெசெஷனல்' வந்தது: ஆரவாரம் அடங்குகிறது, தளபதிகளும் அரசர்களும் புறப்பட்டுப் போகிறார்கள்; நேற்றைய நம் ஆடம்பரமெல்லாம், பெருமை அழிந்த பழைய நகரங்களான நினிவேயோடும் தீருவோடும் ஒன்றாகிவிட்டது. கொண்டாட்டத்தின் சூடு ஆறாத நேரத்தில் இதைச் சொல்ல துணிச்சல் வேண்டும்; அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதே கவிதையில் "சட்டமில்லாத கீழான இனங்கள்" என்ற ஒரு சொற்றொடர் வருகிறது. அது யாரைக் குறிக்கிறது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என்னால் அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடிந்ததில்லை. அந்த வைரவிழா இரவில்தான் புனேயில், ஆளுநர் மாளிகைக் கொண்டாட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஊரெங்கும் பிளேக், நாட்டின் பல பகுதிகளில் பஞ்சம். பம்பாயில் பிறந்த கிப்ளிங்கின் கவிதையில் பேரரசு கடவுளை மறந்துவிடக் கூடாது என்ற கவலை இருக்கிறது. அந்தப் பேரரசின் காலடியில் கிடந்தவர்கள் ஒரு வரியில்கூட இல்லை.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று அடுத்து கேட்பீர்கள். ஜான்சனின் சார்லஸ் பகுதி வெறும் 32 வரி, முதலில் அது. பிறகு ரிச்சர்ட் தரையில் உட்காரும் காட்சி, மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சி. உகோலினோவை மனம் திடமாக இருக்கும் ஒரு நாளில் படியுங்கள். அதன்பின் ஒசிமாண்டியாஸை மறுபடி எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். ராஜாவின் வாசகம் முடிந்ததும் வருகிற கடைசி மூன்று வரிகளில் 'பவுண்ட்லெஸ்', 'பேர்' என்றும் 'லோன்', 'லெவல்' என்றும் இரண்டிரண்டு சொற்கள் நம் மோனை மாதிரியே சேர்ந்து வரும். ராஜா பேசி முடித்துவிட்டான், சிற்பியைப் பற்றியும் சொல்லியாயிற்று. அந்தச் சொற்களை மெதுவாக உச்சரித்துப் பார்த்தால் மணல் விரிந்துகொண்டே போவது உங்களுக்கே கேட்கும்.